கொத்தமல்லிச் சதி

ஏ பேராண்டி, மூணு வாரம் கொல்கத்தாவுல உன் வீட்டுல உக்காந்து தின்னுட்டு வந்தவன், ஊருக்கு வந்ததும் உன்னைப் பத்தியே எழுதுதேன்னு கோவிச்சுக்கிடாதே. நீ வாங்கித் தந்த நொலேன் குர் சந்தேஷ் இன்னும் நாக்குலயே நிக்கி. ஈச்சம் பதநீயைக் காச்சி எடுக்குத அந்த வெல்லத்துக்கு நம்ம கருப்பட்டி அண்ணன் முறைன்னு நான் அங்கன ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தின்ன சோத்துக்கு அந்த மட்டும் விசுவாசமா இருந்திருக்கேன். மிச்சத்தைச் சொல்லாம இருக்க முடியாது.

வந்த மறுநாள் காலையில உன் கட்டிலுக்கு அடியில என் செருப்பைத் தேடுனேன். கையில ஒரு பை தட்டுப்பட்டுது. இழுத்துப் பாத்தா புது ஷூ ஒரு ஜோடி. உள்ள விரலை விட்டா, கடைக்காரன் மூக்குப் பக்கம் சுருட்டி வச்ச காகிதம் அப்படியே இருக்கு. கூடவே ஒரு ரசீது, ஜிம்முக்கு ஒரு வருசப் பணம் கட்டுனதுக்கு.

"எத்தனை நாள் போன?"

"நாலு நாள், தாத்தா."

"காகிதத்தோடயேவா நடந்த?"

நீ தலையைச் சொறிஞ்ச. கோயில் உண்டியல்ல போட்டிருந்தாலும் ஒரு நுள்ளு விபூதி கிடைச்சிருக்கும். போகட்டும். அதுக்கு நீ சொன்ன காரணம் இருக்கே, அதைத்தான் நான் ரயில்ல வரும்போதெல்லாம் அசை போட்டுக்கிட்டே வந்தேன். "ஆபீஸ் விட்டு வந்தா செத்த பொணமாட்டம் ஆயிருதேன் தாத்தா. உடம்புல தெம்பே இல்ல. கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கேன்"ன்ன. தெம்பு வரட்டும்னு காத்துக் கெடக்க பொணத்தை நான் உன் வீட்டுலதான் முதல்ல பாத்தேன்.

உன் ஆபீசையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுன. சால்ட் லேக் செக்டர் ஃபைவ். கண்ணாடிக் கட்டடமா நட்டு வச்சிருக்கான். நீ உக்காருத நாற்காலிக்கு அஞ்சு சக்கரம். தண்ணி பாட்டிலை எடுக்கணும்னா எந்திரிக்காம உருண்டே போற. நம்ம ஊர்ல சக்கரம் வச்சதை மாடு இழுக்கும். அங்கன மனுசனே ரெண்டு காலால துடுப்பு போட்டுக்கிட்டு உருளுதான். காலையில 10 மணிக்கு உக்காந்தா ராத்திரி 8 வரைக்கும் அதுலதான். பொறவு வாசலுக்கே கார் வருது. கார்ல உக்காந்து வந்து சோபாவுல சாயுத. ஒரு நாள் பூரா நீ செஞ்சது நாற்காலி விட்டு நாற்காலி மாறுனதுதான். அதுக்கு "டயர்டு"ன்னு ஒரு பேரு.

உன் மாடி வீட்டு அம்மா இதுக்கு நல்ல வார்த்தை ஒண்ணு சொன்னா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உன்னைப் பாக்க வந்தவ, நீ சோபாவுல கெடந்த கெடையைப் பாத்துட்டு, "ல்யாத் காச்சோ?"ன்னு கேட்டா. எனக்கு ஏதோ தின்பண்டம்னுதான் பட்டுது. எனக்கும் ரெண்டு குடுங்கன்னு கேக்க வாயெடுத்தேன். பொறவுதான் நீ சொன்ன, ல்யாத்துன்னா ஒரு வேலையும் செய்யாம சுகமா விழுந்து கெடக்குத சோம்பலாம். வங்காளிக எல்லாத்தையும் 'திங்கிற' ஆளுக. தண்ணியும் திங்காக, டீயும் திங்காக, சிகரெட்டும் திங்காக, தடுக்கி விழுந்தாலும் அதைத் தின்னேன்னுதான் சொல்லுதாக. அந்த வரிசையில சோம்பலையும் ஒரு பலகாரமா வச்சிருக்காக. மத்தியானச் சோத்துக்குப் பொறவு போடுத குட்டித் தூக்கத்துக்கு 'பாத்-கூம்', சோத்துத் தூக்கம்னு தனிப் பேரே இருக்கு. நான் இதைக் குறை சொல்லல. ருசிச்சுத் திங்குதவன் திங்கட்டும். நீ ல்யாத்தும் திங்க, அதுக்குக் களைப்புன்னு கணக்கும் எழுதுத. அங்கனதான் இடிக்கி.

சரி, விசயத்துக்கு வாரேன். நம்ம ஊர்ல 'அலுப்பு சலிப்பு'ன்னு சேத்தே சொல்லுவோம். சேத்துச் சொல்லிச் சொல்லி ரெண்டும் ஒண்ணுன்னு ஆகிப்போச்சு. பகல் பூரா பருத்தி எடுத்துட்டு வாரவளுக்கு வாரது அலுப்பு. அது கையில, இடுப்புல, கெண்டைக்கால்ல இருக்கும். சோத்தைத் தின்னுட்டுப் பாயில விழுந்தா விடியும்போது இருக்காது. சலிப்பு தலைக்குள்ள இருக்கும். எத்தனை மணி நேரம் படுத்தாலும் போகாது, படுக்கப் படுக்கக் கூடும்.

நான் உன் ஊருக்கு வந்ததையே எடுத்துக்கோ. சென்னையில கோரமண்டல் ஏறி ஷாலிமார்ல இறங்க 27 மணி நேரம்போல ஆச்சு. ஒரு துரும்பைக்கூட நகத்தல. கட்டுச்சோத்தைத் தின்னேன், ஜன்னல் வழியாப் பாத்தேன், படுத்தேன். இறங்கும்போது பிடுங்கிப் போட்ட நாத்தாட்டம் துவண்டு நிக்கேன். 27 மணி நேரம் சும்மா இருந்ததுக்கு இம்புட்டுக் களைப்புன்னா, வருசக்கணக்கா சும்மா உக்காந்திருக்க உனக்கு எம்புட்டு இருக்கணும்? உன் மேல எனக்கு இரக்கமும் உண்டு, கேட்டியா.

ரபீந்திர சரோபர் ஏரிக்கரை பெஞ்சுல எனக்கு ஒரு சிநேகிதம் கெடச்சுதே, அம்பது வருசமா லேக் மார்க்கெட்டுப் பக்கம் இருக்க தமிழ் டாக்டர், அவர் ஒரு கதை சொன்னார். 2009ல வேல்ஸ் நாட்டுல பாங்கர் பல்கலைக்கழகத்துல மார்கோராங்க ஆளு 16 பேரைக் கூட்டி ஒரு சோதனை வச்சாராம். ஒரு நாள் 90 நிமிசம் கம்ப்யூட்டர்ல தலையைப் பிடுங்குத வேலை. இன்னொரு நாள் அதே 90 நிமிசம் சும்மா படம் பாக்கச் சொன்னாக. ரெண்டு நாளும் அது முடிஞ்சதும் சைக்கிள்ல ஏத்தி, முடியலைன்னு விடுத வரைக்கும் மிதிக்க விட்டாக. படம் பாத்த நாள்ல சராசரியா 754 வினாடி மிதிச்சவுக, தலை வேலை பாத்த நாள்ல 640ல இறங்கிட்டாக. நெஞ்சு, மூச்சு, தசை எல்லாம் அளந்து பாத்தா ரெண்டு நாளும் வித்தியாசம் இல்லையாம். 'ரொம்பக் கஷ்டமா இருக்கே'ங்க நெனப்புதான் சீக்கிரம் வந்துருக்கு. மாடு நல்லாத்தான் நிக்கி, வண்டிக்காரன்தான் தூங்குதான்.

அதனால நீ சொன்னது பொய்யுன்னு நான் சொல்ல வரல. தலை களைச்சா கால் கனக்கத்தான் செய்யும். ஆனா கால்ல சரக்கு அப்படியே இருக்கு. நீ பூட்டின பெட்டி மேல உக்காந்துக்கிட்டு என்கிட்ட காசு இல்லங்க.

உன் தெரு முக்குல ஒரு அடிபம்பு இருக்கே. இஸ்திரி போடுதவன் ஒருத்தன் காலையில வந்து அதை அடிப்பான். வெறும் காத்துதான் வரும், 'கீச்சு கீச்சு'ன்னு சத்தம். அவன் உடனே, தண்ணி வரட்டும் அப்புறம் அடிக்கேன்னு போய் உக்காரல. டப்பாவுல வச்சிருந்த தண்ணியை மேல ஊத்தினான். ரெண்டு கையாலயும் நாலு அடி அடிச்சான். பம்பு ஒரு இருமல் இருமுச்சு பாரு, பொறவு கொட்டுது. நான் மூணு நாள் டீக்கடையில நின்னு இதையே பாத்தேன். டீக்கடைக்காரன் என்னைக் கோட்டின்னு நெனச்சிருப்பான்.

டாக்டர்கிட்ட பம்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு அடுத்த கதையை எடுத்தார். அமெரிக்காவுல ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல 2008ல, எப்பப் பாத்தாலும் களைப்புன்னு புலம்புத, உக்காந்தே இருக்க வாலிபப் புள்ளைக 36 பேரை எடுத்தாகளாம். ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டாக. ஒரு கூட்டம் வாரத்துக்கு மூணு நாள், 20 நிமிசம், பைய சைக்கிள் மிதிக்கணும். இன்னொரு கூட்டம் கொஞ்சம் வேகமா. ஆறு வாரம் கழிச்சுப் பாத்தா மிதிச்ச ரெண்டு கூட்டத்துக்கும் தெம்பு 20 சதவீதம் கூடியிருக்கு. களைப்பு குறைஞ்சதுலதான் வேடிக்கை: வேகமா மிதிச்சவனுக்கு 49 சதவீதம், பைய மிதிச்சவனுக்கு 65. உன்னைப் போல பய, முதல் நாளே 10 கிலோ இரும்பைத் தூக்கி, மறுநாள் கை தூக்க முடியாம, மூணாம் நாள் ஜிம்மை வஞ்சுட்டு, நாலாம் நாளோட நிறுத்துதான் பாரு, அவனுக்குத்தான் இந்தக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிசமாவது வேகமா நடக்குத மாதிரி உடம்பை அசைன்னு சொல்லுது. நாளுக்கு 22 நிமிசம்கூட முழுசா வரல. முன்னாடி, ஒரு தடவைக்குப் பத்து நிமிசமாவது விடாம செஞ்சாத்தான் கணக்குல சேரும்னு இருந்துச்சாம். 2020ல அதையும் எடுத்துட்டாக. அஞ்சு நிமிசம் நடந்தாலும் கணக்குத்தான். இனி நீ என்ன சாக்குச் சொல்லுவன்னுதான் பாக்கணும்.

சாக்குக்கு உன் ஊர்லயே மருந்து இருக்கு. கோபர் கோஹோன்னு ஒரு பயில்வான். நெசப் பேரு ஜதீந்திர சரண் குஹா. கொழுகொழுன்னு அசையாம கெடக்க புள்ளையைப் பாத்து தாத்தன் வச்ச பட்டப் பேருதான் கோபர். வங்காளத்துல அதுக்குச் சாணின்னு அர்த்தம்! நான்கூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்ல, கவனிச்சுக்கோ. அந்தச் சாணி உருண்டை 1921ல சான் பிரான்சிஸ்கோவுல ஆட் சான்டெல்ங்கவனைச் சாய்ச்சு, லைட் ஹெவிவெயிட்டுல உலகப் பட்டம் வாங்கிட்டு வந்துது. பேரு வச்ச தாத்தன் அம்பிகா சரண் குஹா நடத்துன அக்காடாங்க மல்யுத்தக் கூடத்துலதான் நம்ம விவேகானந்தரும் சின்ன வயசுல மண்ணுல புரண்டிருக்கார். அதே ஆளு 1897ல மெட்ராசுக்கு வந்து, கீதையைப் படிக்கதைவிடக் கால்பந்து ஆடுனா சொர்க்கத்துக்குக் கிட்டப் போவீகங்க மாதிரி ஒரு போடு போட்டார். நம்ம ஊர்ல அவர் படத்தை மாட்டிக் கை கட்டி நிக்கவுக, இதை மட்டும் காதுல வாங்கல.

கோபராவது அக்காடா வச்சிருந்த வீட்டுப் புள்ளை. மனோகர் ஐச் கதையைக் கேளு. ஆளு உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்காரன் விமானப்படையில இருந்தவர், ஒரு அதிகாரியை அறைஞ்சுட்டு ஜெயிலுக்குப் போனார். ஜெயில்ல ஜிம் ஏது, ரசீது ஏது? கையும் காலும் சுவரும்தான். அங்கனதான் உடம்பை முறுக்கி எடுத்தார். 1951ல மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டிக்கு லண்டன் போய் இரண்டாவதா வந்தார். ஊருக்குத் திரும்பாம, அங்கேயே பிரிட்டிஷ் ரயில்வேயில ஒரு சோலியில சேந்துக்கிட்டு, சோலியும் பாத்து உடற்பயிற்சியும் செஞ்சு, 1952ல குள்ளமானவுக பிரிவுல பட்டத்தைத் தட்டிட்டார். கொல்கத்தாவுல 2016ல கண்ணை மூடும்போது வயசு 104. பாந்தா பாத்துன்னு தண்ணி ஊத்துன பழைய சோறு இருக்கே, அதுதான் பலம்னு சொல்லிக்கிட்டிருந்தவர். நீ காலையில பாக்கெட் ஓட்ஸைக் கிண்டும்போதெல்லாம் எனக்கு அவர் நெனப்பு வரும். நீ பட்டம் வாங்கணும்னு இதைச் சொல்லல. ஷூவுல இருக்க காகிதத்தை எடுத்தாப் போதும்.

ஆனா எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது. உன் வீட்டுல பாத்திரம் துலக்க வார மாஷி. விடியறதுக்கு முன்னாடி மூணு மணிக்கு எந்திரிச்சு, கானிங் பக்கத்துலேர்ந்து கூட்டத்துல நசுங்கி ரயில்ல வந்து, டாக்குரியாவுல இறங்கி, அஞ்சு வீட்டு வேலை முடிக்கா. ஒரு நாள் உன் வீட்டு அடுப்பங்கரையில சுவத்துல சாஞ்சு காலை நீட்டிக்கிட்டு, முரியை டீயில போட்டுத் தின்னுக்கிட்டிருந்தா. முரின்னா நம்ம பொரிதான். குதிகால் ரெண்டும் வெடிச்சு, கரிசல் காட்டுக் கோடையாட்டம் இருந்துச்சு. அவ கண்ணை மூடிக்கிட்டே மென்னா. அது அலுப்பு. அவகிட்டப் போயி தினம் இருபது நிமிசம் நடன்னு எவனாவது சொன்னா, கையில இருக்க விளக்குமாத்தால போடுவா. போட்டா நான் அவ பக்கம்தான். பாடாப் பாஜார்ல மூட்டை தூக்குதவன், கை ரிக்சா இழுக்குதவன், இவுகளுக்கு வேண்டியது நல்ல சோறும் படுக்க இடமும். களைப்புங்க வார்த்தையை அவுககிட்டேர்ந்து நீ கடன் வாங்கியிருக்க. பாத்துச் செலவழி.

இன்னொண்ணு. நீ ராத்திரி 2 மணி வரைக்கும் போனைத் தடவிக்கிட்டே கெடக்கதை நான் பாத்தேன். வயசானவனுக்கு ஒறக்கம் வராதுங்கதை நீ மறந்துட்ட. ஒறங்காத உடம்புக்கு நடையும் உதவாது, ஓட்ஸும் உதவாது. நல்லா ஒறங்கியும் களைப்பு விடலைன்னா ரத்தத்தைக் குடுத்துப் பாருன்னு டாக்டரும் சொன்னார். ரத்தச்சோகை, தைராய்டுன்னு நெச நோவு எதாவது இருந்தா தாத்தன் கேலியால தீராது.

இனி உண்மையை ஒத்துக்கிடுதேன். அந்தக் கொத்தமல்லி.

நீ தினம் கார்ல வந்து நேரா வீட்டுக்குள்ள நுழைஞ்சா சோபாவுல விழுவ. உன் சோபா ஒரு முதலை. அதுக்கு வாய் மட்டும்தான் இல்ல. வாசப்படி தாண்டிட்டா உன்னை எந்திரிக்க வைக்க அந்த மனோகர் ஐச்சாலயும் ஆகாது. அதனால நீ படி ஏறுததுக்கு முன்னாடியே பிடிச்சேன். எட்டரை மணிக்குக் கீழ வந்து நிப்பேன். "பேராண்டி, ரசத்துக்குக் கொத்தமல்லி இல்ல. எனக்கு வழி தெரியாது, வா." நம்ம ஊர் வாழைப்பூவும் முருங்கைக்காயும் கெடைக்குத லேக் மார்க்கெட்டுக்கு வழி தெரியாதுன்னு ஒரு தமிழன் சொன்னா நம்பலாமா? நீ நம்புன. முதல் நாள் முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டு வந்த. ரெண்டாம் நாள் நான் வழி மாறிட்டேன்னு சதர்ன் அவென்யூ பக்கம் இழுத்துட்டுப் போனேன். மூணாம் நாள் பஸ்ஸைப் பாக்கணும்னேன். கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்!"னு கத்துவான்லா, அதைக் கேக்க ஆசையா இருக்குன்னு ஒரு பொய். நாலாம் நாள் நீயே கேட்ட.

"தாத்தா, நேத்துதான ஒரு கட்டு வாங்குனோம்?"

"வாடிப்போச்சு."

"ஃபிரிட்ஜுல வச்சா எப்படி வாடும்?"

"உன்னைப் போலத்தான். குளுகுளுன்னு வச்சாலும் வாடுது."

அஞ்சாம் நாள் காரை விட்டுட்டு மெட்ரோவுல வந்து பாருன்னேன். 2025 ஆகஸ்ட்டுலேர்ந்து எஸ்பிளனேடுல ஒரு வண்டி மாறுனா செக்டர் ஃபைவுலேர்ந்து காளிகாட் வரைக்கும் பூமிக்கடியிலயும் மேலயுமா வந்துறலாமேன்னு உன் ஆபீஸ் பையன்தான் என்கிட்ட சொன்னான். நீ ஓடுத படிக்கட்டுல நின்ன. நான் பக்கத்துல இருந்த சாதாப் படியில மூட்டுவலியோட ஏறினேன். பேத்தி வயசுல ஒருத்தி உன்னை ஒரு பார்வை பாத்தா. மறுநாள்லேர்ந்து நீயும் படியிலதான் வந்தன்னு எனக்குத் தெரியும். எந்த டாக்டரும் எழுதித் தராத மருந்து அது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, லேக் பக்கம் திரும்புத முக்குல நான் வீட்டுப் பக்கம் திரும்புனேன். எனக்கு நெசமாவே கால் வலி. நீ, "இப்படிப் போவோம் தாத்தா, காத்து நல்லாருக்கு"ன்னுட்டுத் தண்ணிப் பக்கம் நடந்த. ஆபீஸ்ல உன் மேனேஜர் சொன்னதையெல்லாம் ஒப்பிச்சுக்கிட்டே வந்தவன், சரோபர்கிட்ட வந்ததும் பேச்சை நிறுத்திட்ட. 1920கள்ல மண் வெட்டி எடுத்த பள்ளம்தான் அந்த ஏரின்னு டாக்டர் சொன்னாரே, வெட்டுனவனுக்கு அலுத்திருக்கும். நமக்கு அந்த இருட்டுல, தண்ணியில விளக்கு ஆடுததைப் பாத்துக்கிட்டு நடக்க வாய்ச்சுது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நீ சோபாவுல உக்காரவே இல்ல. சமையல்கட்டுக்குள்ள வந்து, "தாத்தா, பசிக்கி"ன்ன. மூணு வாரத்துல உன் வாயிலேர்ந்து வந்த நல்ல வார்த்தை அதுதான்.

மறுநாள் மாஷி ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது குட்டு வெளிப்பட்டுது. எட்டுக் கட்டுக் கொத்தமல்லி. ஒண்ணொண்ணா எடுத்துத் தரையில அடுக்கி, உன்னை ஒருக்கா பாத்தா, என்னை ஒருக்கா பாத்தா. பொறவு முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அவ சிரிச்ச சிரிப்பு, கானிங் வரைக்கும் கேட்டிருக்கும். நாலு கட்டை அவளே கொண்டு போயிட்டா.

காலையில போகணும்னா மட்டும் சூரியன் நல்லா ஏறட்டும். மார்கழியில உன் ஊர்ப் பனியில பாதி புகை. மங்கி கேப் போட்டுக்கிட்டு அஞ்சு மணிக்கே வார கிழவனுகளைப் பாத்து நீயும் கிளம்பிறாதே. அவனுகளுக்கு நடை ஒரு சாக்கு, அரட்டைதான் சோலி.

போன வாரம் நீ போன் பண்ணுன பாரு, அப்ப மணி ஏழே முக்கால். இங்கன கோயில்பட்டிப் பக்கமும் நல்ல குளிர். நான் கம்பளிக்குள்ள காதை மூடிக்கிட்டுக் கெடந்தேன். உனக்கு மூச்சு வாங்குது, பின்னால ஒரு கூட்டம் 'ஹா ஹா'ன்னு கையைத் தூக்கிச் சிரிக்கி. லேக்குலதான் நிக்கன்னு தெரிஞ்சு போச்சு.

"தாத்தா, வாக்கிங் போயாச்சா?"ன்னு கேட்ட.

உன்கிட்ட கத்துக்கிட்டதுதானேன்னு, "ல்யாத் காச்சி"ன்னேன்.

நீ கொஞ்ச நேரம் பேசல. பொறவு ரொம்ப மரியாதையா, "பாட்டிகிட்ட போனைக் குடுங்க"ன்ன. நானும் விவரம் புரியாமக் குடுத்துட்டேன். அவ 'ம்', 'ம்'னு கேட்டா, ஒருக்கா சிரிச்சா, போனை வச்சுட்டு உள்ள போனா. வரும்போது கையில மஞ்சப்பை. கம்பளியை ஒரு இழுப்பு இழுத்தா.

"எந்திரிங்க. ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லையாம்."